பதக்கப் பக்கத்தில் ஒரு வரி

என் கணவர் ராணுவத்தில் பதினெட்டு வருடம் இருந்தார். அதில் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் எங்கே இருந்தார் என்பது எனக்கு முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் அவர் சொல்லவில்லை. வேங்கிக்காலில், திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அன்று நாங்கள் போனது வேறு வேலைக்கு. அவருடைய பென்ஷன் ஆவணத்தில் என் பிறந்த மாதம் தவறாக ஏறியிருந்தது. அதைத் திருத்த மனு கொடுக்க வேண்டும். மழை விட்டும் விடாத காலை. கூடத்துக்குள் ஈரக் குடைகளின் வாசனை. மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொக்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகப் பெண் கேட்க, இவர் எழுந்து தன் ராணுவ எண்ணையும், மருத்துவப் பிரிவில் நர்ஸிங் அசிஸ்டென்டாக இருந்ததையும் சொன்னார்.

எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் ஒருவர் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பதக்கங்கள் வரிசையாக. இவரைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும்.

"சார், இன்னொரு வாட்டி பேசுங்க" என்றார்.

இவர் திரும்பிப் பார்த்தார். "என்ன பேசணும்?"

"எதுனா பேசுங்க. அந்தக் குரல் எனக்குத் தெரியும்."

"யாருங்க நீங்க?"

அவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் கீழ்பென்னாத்தூர் அண்ணா. என்னைக் கட்டி இழுத்துக்கினு கீழ இறங்கினீங்களே. 'மூச்சை எண்ணிக்கினே வாடா, எண்ணிக்கினே வா'ன்னு தமிழ்ல சொல்லிக்கினே வந்தீங்களே. முகத்தை நான் பார்த்ததே இல்ல. எல்லாருக்கும் முகமூடி, கறுப்புக் கண்ணாடி. குரல் மட்டும்தான்."

என் கணவர் உட்கார்ந்துவிட்டார். அவர் கை என் முழங்கையைப் பிடித்தது. பிடித்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

"எங்கேர்ந்து இறங்கினீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"சியாச்சின்லேர்ந்து அண்ணி. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த வருடம் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் அவர் பதான்கோட்டில் இருந்தார். அங்கே பெரிய மரங்கள் இருந்தன, ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயில் அடித்தது, மாலையில் வாலிபால் ஆடினார்கள். அப்படித்தான் எழுதியிருந்தார்.

கீழ்பென்னாத்தூர்க்காரர் தன் நெஞ்சில் இருந்த பதக்கங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். வெள்ளி நிறத்தில் இருந்தது. "பனிமலையில இருந்தவங்களுக்கு இதைக் கொடுத்தாங்க. நீங்க ஏன் மாட்டிக்கல? அப்புறம் உங்களுக்குப் பாராட்டு அட்டை ஒண்ணு எழுதி அனுப்பியிருக்கறதா கேப்டன் சொன்னாரே, அது வந்துச்சா?"

அலுவலகப் பெண் இவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். விருதுகள், பதக்கங்கள் என்று ஒரு பக்கம். அதில் இரண்டே வரி. நீண்ட நாள் சேவைக்கு ஒன்று, சுதந்திரப் பொன்விழாவுக்கு ஒன்று. பனிமலை என்ற பேச்சே இல்லை.

"சார், இதுல நீங்க அங்க போனதாவே எழுதலையே" என்றாள்.

"விட்டுடுங்கம்மா" என்றார் இவர். "இவங்க பிறந்த மாசத்தை மட்டும் மாத்திக் கொடுங்க."

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் காலில் விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். எத்தனை மார்கழி அந்தக் காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவியிருப்பேன். ஒரு முறைகூட அந்தச் சிலிண்டர் எப்படி விழுந்தது என்று கேட்கத் தோன்றியதில்லை.

எங்கள் இருவர் வீடும் சமணக் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெல்லும், மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிறவர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்போம். எறும்பு இருக்கிற இடத்தில் கோலம்கூடப் பார்த்துத்தான் போடுவோம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது என் மாமனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். துப்பாக்கிப் பிரிவுக்குப் போகமாட்டேன், ஆஸ்பத்திரிப் பிரிவுக்குத்தான் போவேன் என்று இவர் சொன்ன பிறகே சமாதானமானார். கல்யாணத்தின்போது எனக்கு இருபத்தொரு வயது. இரண்டு மாத லீவு முடிந்து அவர் ரயிலேறியபோது நான் கருவுற்றிருந்தேன்.

குழந்தை மார்கழியில் பிறந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போகிற ஊரில் என் தாய்வீடு. பெண் குழந்தை. ஒன்றரை நாள் இருந்தாள். நல்ல முடி. விரல்களை மூடி மூடித் திறந்தாள். அப்புறம் இல்லை. என் அப்பா அவளை ஒரு வெள்ளைத் துணியில் எடுத்துக்கொண்டு நிலத்துப் பக்கம் போனார். என்னை அனுப்பவில்லை. சன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்தேன். மூடுபனி இருந்தது. பத்தடி போனதும் அவர் முதுகு கரைந்துபோனது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. யாரோ தலை துவட்டிவிட்டார்கள். கொல்லையில் மாடு கத்தியது. பால் கட்டிய வலியோடு விழிப்பேன், எதற்காக வலிக்கிறது என்று ஒரு நிமிடம் புரியாது, அப்புறம் புரியும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு வெளியே பேசுகிறவர்களைக் கேட்பதுபோல எல்லாம் தூரத்தில் நடந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ இவருக்கு இன்லேண்ட் கடிதம் எழுதினேன். நாலு வரி. உடனே வாங்க என்று முடித்திருந்தேன்.

அவர் வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. இங்கே ஆப்பிள் மலிவு, வரும்போது ஒரு பெட்டி வாங்கி வருகிறேன், நீ நன்றாகச் சாப்பிடு, குழந்தை எப்படி உதைக்கிறது. என் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே எழுதியது என்று அப்பா சொன்னார். புத்திக்குப் புரிந்தது. ஆனால் அடுத்த கடிதத்திலும் அவர் வருவதாக எழுதவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கோடையில்தான் வந்தார், நொண்டிக்கொண்டு. வாலிபால் ஆடுகிற ஊரிலிருந்து என் பெண்ணைப் புதைத்த வீட்டுக்கு ஐந்து மாதம் கழித்து வந்தவரோடு நான் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் எதையும் விளக்கவில்லை. இன்னொரு பெண் பிறந்தாள், வளர்ந்தாள், ஓசூரில் குடும்பமாக இருக்கிறாள். நானும் இவரும் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். ஆனால் அந்தக் கோபம் ஒரு சின்னக் கல்போல எனக்குள்ளே ஓரிடத்தில் கிடந்தது. அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தேன்.

ஆட்டோ செங்கம் ரோட்டில் எங்கள் சந்துக்குள் திரும்பியபோது அந்தக் கல் இருந்த இடம் திடீரென்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். "ஏன் சொல்லல?"

"அப்ப நீ வயித்துப் பிள்ளைக்காரி. சொன்னா தூங்குவியா?"

"சரி. கோடையில வந்தீங்களே, அப்ப ஏன் சொல்லல?"

அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். நான் கழுவுகிறேன் என்றாலும் கேட்கமாட்டார். "வராததுக்கு அதைச் சாக்கா சொல்ற மாதிரி இருக்கும்" என்றார். "நீ அங்க தனியா இருந்த. நான் எங்க இருந்தா என்ன?"

நான் முப்பது வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். பதிவேடுதான் என் வாழ்க்கை. எடை, உயரம், தடுப்பூசி, வருகை. பதிவேட்டில் இல்லாத குழந்தைக்கு முட்டை கிடையாது, எதிரே உட்கார்ந்து அழுதாலும் கிடையாது. என் மூத்த பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்து ஒன்றரை நாளில் போன குழந்தையை யார் போய்ப் பதிவு செய்வார்கள்? இவர் இருந்த பனிமலையும் எதிலும் ஏறவில்லை. அதே குளிர்காலம். இதையெல்லாம் அவரிடம் இந்த மாதிரி சொல்லவில்லை. "மனு போடணும்" என்று மட்டும் சொன்னேன்.

"மெடலை வாங்கி என்னம்மா பண்ணப்போற?"

"தெரியல. ஆனா எழுதியிருக்கணும்."

அடுத்த வாரமே கீழ்பென்னாத்தூர்க்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரிட்டயர் ஆனதும் ஆவடியில் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்த்திருக்கிறார். போன வருடம்தான் சொந்த ஊருக்குத் திரும்பினார். இவர் திருவண்ணாமலைப் பக்கம் என்று மட்டும் அவருக்குத் தெரியும். லீவில் வரும்போதெல்லாம் விசாரித்திருக்கிறார், தவறான ஊர்களில். வரும்போது ஒரு பை நிறைய மணிலாக்கொட்டையும், நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய ஒரு சாட்சிப் பத்திரமும் கொண்டுவந்தார்.

மாடியில் உட்கார்ந்தோம். மாடியில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்குவார்கள். அப்போது தங்கியிருந்த வெளிநாட்டு அம்மாள் மௌன விரதம். எங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு அறைக்குள் போய்விட்டார். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. உச்சி தெரியவில்லை, பாதி மலை தெரியவில்லை. அடிவாரத்து மரங்களுக்கு மேலே வெறும் வெள்ளை.

"இப்படித்தான் இருக்கும் அண்ணி" என்றார் கீழ்பென்னாத்தூர்க்காரர். "ஆனா இது மாதிரி ஓரம் இருக்காது. மேல கீழ எல்லாம் ஒண்ணாயிடும். நடக்கறோமா நிக்கறோமான்னே தெரியாது."

"நேரமும் தெரியாது" என்றார் இவர். அந்த மலையைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. "மூணு மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடும். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணுமில்ல. நான் ரெண்டரைக்கே சாப்பிட்டுடுவேன். எல்லாரும் சிரிப்பாங்க."

"பசிக்கவே பசிக்காது அண்ணி. இவர்தான் ஆளாளுக்கு ஊட்டிவிடுவாரு. தூக்கம் ஜாஸ்தி, பசி கம்மி, அதுதான் ஆபத்துன்னு சொல்லுவாரு."

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். கிரிவலப் பாதையில் காலையில் நடக்கும்போது, கீரை ஆயும்போது, எதற்கும் சம்பந்தமில்லாமல். மேலே மருத்துவ முகாமில் இருந்தவருக்கு உடம்பு முடியாமல் போனதால் இவரைத் தற்காலிகமாக அங்கே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாதம் என்று சொல்லி அனுப்பியது நாலு மாதமாயிற்று. அங்கே யாராவது தூரத்தில் பேசினால் காதுக்குள் பேசுவதுபோலக் கேட்குமாம். பக்கத்தில் பேசுகிறவன் குரல் சில சமயம் வரவே வராதாம். ஒரு நாள் வெயிலில் எங்கள் ஏரிக்கரை தெரிந்ததாம், பனைமரம் உட்பட. இருமிவிட்டுப் பார்த்தால் இல்லையாம். நான் கேட்டுக்கொண்டே நடப்பேன். எனக்குத் தெரியாத ஒரு இளைஞன் என் பக்கத்தில் நடந்து வருவதுபோல இருக்கும். அவன் முகத்தைப் பார்க்கத் திரும்பினால் நரைத்த மீசையோடு இவர் இருப்பார்.

மனுவை நான்தான் எழுதினேன். பனிமலைப் பதக்கம் ஒன்று, பாராட்டு அட்டை ஒன்று, இரண்டும் விடுபட்டிருக்கின்றன, சேவைப் பதிவேட்டைத் திருத்தித் தர வேண்டும். வேங்கிக்கால் அலுவலகத்தின் மூலமாக அது வடநாட்டில் இருக்கிற ரெக்கார்டு ஆபீஸுக்குப் போனது. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அலுவலகப் பெண் படித்துச் சொன்னாள்.

"ஒருத்தர் எங்க போனாலும் அதை யூனிட்ல ஆர்டரா எழுதி ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பணும். உங்களுக்கு அப்படி ஒரு ஆர்டரே வரலையாம் சார். சொந்த யூனிட் எழுதும்னு மலை மேல இருந்தவங்க நினைச்சிருப்பாங்க, அவங்க எழுதுவாங்கன்னு சொந்த யூனிட்ல நினைச்சிருப்பாங்க. சாட்சிப் பத்திரம் மட்டும் போதாது, அந்தத் தேதியிலேயே உண்டான காகிதம் ஒண்ணு வேணும்னு கேட்கறாங்க. அங்கேர்ந்து எழுதின லெட்டர் எதுனா இருக்காம்மா?"

இருந்தது. அத்தனையும் பதான்கோட்டில் வாலிபால் ஆடிய கடிதங்கள். அவற்றை மேல் முகாமிலிருந்து கீழே இறங்குகிற ஆட்களிடம் கொடுத்து, பதான்கோட்டில் இருந்த நண்பர் வழியாகத் தபாலில் சேர்த்திருக்கிறார். முத்திரைகூட அந்த ஊர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். இவரும் சிரித்தார். அலுவலகப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவ்வளவுதான். விட்டுடு" என்றார் வெளியே வந்ததும்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகல் நான் துணியைக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே போய்த் ரத்த அழுத்தம் பார்க்கும் தன் பழைய பெட்டியை எடுத்து வந்தார். பாதரசக் குழாய் உடைந்து பல வருடமாகிறது. தூக்கிப் போடச் சொன்னால் போடமாட்டார். அதன் அடியில் இருந்த வெல்வெட் துணியை விரலால் தூக்கினார். கீழே நீலநிற இன்லேண்ட் கடிதங்கள் தட்டையாக அடுக்கியிருந்தன.

"இதுல எதுனா இருக்குதா பாரு" என்றார். "நான் பார்க்கல."

என் கையெழுத்து. நான் அவருக்கு எழுதியவை. அவர் வைத்திருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பதான்கோட் யூனிட்டின் முகவரியை நான் வட்ட வட்ட எழுத்தில் எழுதியிருந்தேன். அதை யாரோ சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் வேறொரு யூனிட்டின் எண்ணை எழுதியிருந்தார்கள். மேலே ராணுவத் தபாலின் வட்ட முத்திரை, தேதியோடு. அதையும் அடித்து, மூன்றாவதாக இன்னொரு கை மலைமேல் இருந்த முகாமின் பெயரை எழுதியிருந்தது. அதற்கும் முத்திரை. ஏழு கடிதங்கள். நான் எழுதிய ஒவ்வொன்றும் இவரைத் தேடிக்கொண்டு மலை ஏறியிருந்தது.

ஐந்தாவது கடிதத்தைப் பிரிக்காமலே எது என்று தெரிந்தது. அதன் ஓரத்தில் என் கண்ணீரோ மழையோ பட்டு மை பரவியிருந்தது. கடைசி முத்திரையின் தேதியைப் பார்த்தேன். நான் எழுதி நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

கீழ்பென்னாத்தூர்க்காரரின் சாட்சிப் பத்திரத்தில் அவரைக் கீழே இறக்கிய தேதி இருந்தது. அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு நாள் பிந்தைய தேதி.

"இதைப் படிச்சுட்டுத்தான் அவரை இழுத்துக்கினு இறங்கினீங்களா?"

தலையசைத்தார். "அவனுக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. புயல், ஹெலிகாப்டர் வரல. நாலு பேரா அவனை ஸ்லெட்ல, பனிச்சறுக்குக் கட்டையில கட்டி இழுத்தோம். ஒரு இடத்துல பனி உடைஞ்சு என் கால் உள்ள போயிடுச்சு, பூட்ஸுக்குள்ள ஈரம். நிறுத்திக் காய வைக்க நேரமில்ல."

"அந்த ரெண்டு நாள்?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அங்க கண்ணாடியைக் கழட்டக் கூடாது. கண்ணு போயிடும். அதனால அழல" என்றார். "அவன் மூச்சை எண்ணச் சொன்னேனில்ல, அது அவனுக்காக மட்டும் சொல்லல. நானும் எண்ணிக்கினே வந்தேன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அழுதார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். சத்தம் இல்லை. தோள் மட்டும் அசைந்தது. நான் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. முப்பத்தைந்து வருடம் தாமதமாக எங்கள் வீட்டில் துக்கம் விசாரிக்க ஒருவர் வந்ததுபோல இருந்தது, அது இவராக இருந்தார்.

மறுநாள் வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கடிதங்களைக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் ஒன்றைப் பிரிக்கப் போனாள்.

"உள்பக்கம் வேணாம்மா. முகவரிப் பக்கம் மட்டும் போதும்" என்றேன்.

"முன்னும் பின்னும் எடுத்தாத்தானே செல்லும்?"

"இது முன்பக்கத்துக்கே செல்லும்."

ஏழு கடிதங்கள், எங்கள் ஊர்த் தபால் முத்திரையும் சேர்த்து இருபத்தொரு முத்திரைகள். கூடவே ஒரு விளக்கக் கடிதமும் வைத்து மறுபடி அனுப்பினோம். அலுவலகப் பெண் நகல்களை அடுக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "உங்க கையெழுத்தாம்மா? அழகா இருக்குது" என்றாள்.

மாதங்கள் போயின. தீபம் வந்து போனது, ஊர் நிரம்பி வழிந்து காலியானது. மாடியில் இருந்த அம்மாள் விரதம் முடிந்து, கிளம்பும்போது எங்களிடம் நாலு வார்த்தை பேசினார். அவர் குரல் நான் நினைத்ததைவிடக் கட்டையாக இருந்தது. பங்குனியில் பதில் வந்தது. கடிதங்களில் உள்ள முத்திரைகளின் அடிப்படையில், தற்காலிகமாக மலைமேல் இருந்த இணைப்புப் பணிக் காலம் உறுதி செய்யப்பட்டது, விடுபட்ட ஆணை இப்போது வெளியிடப்படுகிறது, பதக்கமும் சான்றும் அனுப்பப்படும், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைத் திருத்தத்துக்கு அனுப்பவும். பாராட்டு அட்டைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே அந்தக் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

கீழ்பென்னாத்தூர்க்காரருக்குக் கோபம். "அது எப்படி இல்லைன்னு சொல்லலாம்? நான் உசுரோட நிக்கறேனே. டெல்லிக்கு எழுதுவோம் அண்ணா."

"வேணாம்பா. நீ நிக்கறதே போதும்" என்றார் இவர். "சாப்பிட்டுட்டுப் போ."

வைகாசியில் ரிஜிஸ்டர் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் பிரித்திருந்தார். பதக்கம் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் இருந்தது. அதை ஒரு முறை பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பதக்கப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வரி ஏறியிருந்தது. மற்ற இரண்டும் மங்கிய மை, இது புது மை. பக்கத்தில் ஓர் அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. வரி சற்றுக் கோணலாக இருந்தது. அதை அவர் ஆள்காட்டி விரலால் முதலிலிருந்து கடைசிவரை தடவினார். பிறகு புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நானும் படித்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார், படித்தேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு அந்த ஊருக்குப் போவதே குறைந்துவிட்டது. நிலம் கைமாறிப் பல வருடம் ஆகிறது.

காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூரில் இறங்கி, ஷேர் வேனில் ஊருக்குப் போனோம். வாய்க்காலைத் தாண்டி நிலத்துக்குள் நடந்தோம். மணிலா பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புங்க மரத்துக்கு அந்தப் பக்கம் என்று அப்பா எப்போதோ கையை நீட்டிக் காட்டியிருந்தார். புங்க மரம் இல்லை. வரப்புகளும் மாறியிருந்தன. நான் இங்கும் அங்கும் நடந்து பார்த்தேன். வெயில் ஏறாத நேரம், மண்ணிலிருந்து ஆவி எழுந்து தூரத்துச் செடிகள் லேசாக ஆடின. எந்த இடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இந்தப் பக்கம்தான் எங்கயோ" என்றேன்.

"சரி. இந்தப் பக்கம்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுப் பிடுங்கிய நிலத்தில் இறங்கி நின்றார். கைகளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, கும்பிடவும் இல்லை. சும்மா நின்றார்.

செடி உதறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். எங்களை அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் சொன்னார்.

"எங்க பெரிய பொண்ணைம்மா."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, உதறிய செடி ஒன்றைக் கொட்டையோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனாள். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது. நாங்கள் வரப்பில் உட்கார்ந்து பச்சைக் கொட்டைகளை உடைத்துத் தின்றோம். அவர் உடைத்து உடைத்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வேன் சத்தம் ரோட்டில் கேட்டது. அடுத்த வேனில் போகலாம் என்று இருவருமே எழுந்திருக்கவில்லை.